“சபையில் பாஸாகிவிட்டது” என்கிறார்கள். எந்தச் சபையில்?

கேள்வி: வாவிக் கரைக்குக் கிட்ட, ஒரு ஒழுங்கைக்குள் எங்கள் வீடு. ஒழுங்கையின் கடைசியில் மாரிக்குத் தண்ணீர் தேங்கும் ஒரு பள்ளக்காணி இருக்கிறது. இரண்டு மாதமாக டிப்பரில் கிரவல் கொண்டுவந்து கொட்டி அதை நிரப்புகிறார்கள். மூன்று மாடியில் கல்யாண மண்டபம் வரப்போகிறதாம். கேட்டால், “மாநகர சபையில் பாஸாகிவிட்டது” என்று பதில். எங்கள் வட்டார உறுப்பினரோ சபைக்கு அப்படி ஒன்றுமே வரவில்லை என்கிறார். நானும் லீவு போட்டுவிட்டு மாதாந்த அமர்வுக்குப் போய்க் கலரியில் இருந்தேன். தெருவிளக்கு, குப்பை, கட்டாக்காலி மாடு, இவற்றைப் பற்றித்தான் பேசினார்கள். இந்த முடிவுகளை எங்கேதான் எடுக்கிறார்கள்? நாங்கள் எப்படித் தெரிந்துகொள்வது?
ஓர் ஆசிரியை, மட்டக்களப்பு

பதில் தருபவர்: ஓய்வுபெற்ற நகரத் திட்டமிடலாளர்

ரீச்சர், லீவு போட்டுவிட்டு அமர்வுக்குப் போய் இருந்தீர்களே, அது சின்ன விசயமில்லை. கிழக்கிலுள்ள உள்ளூராட்சி மன்றங்களில் நீண்ட காலம் திட்டமிடல் வேலை பார்த்தவன் நான். யாரும் கூப்பிடாமல் தானாக வந்து கலரியில் இருந்த பொதுமக்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். என்ன செய்ய, நீங்கள் போன அறைதான் தப்பு.

உறுப்பினர் சொன்னதும் உண்மையாக இருக்கலாம், டிப்பர்காரர் சொன்னதும் உண்மையாக இருக்கலாம். ஊரில் நாங்கள் ‘சபை’ என்று ஒரே சொல்லால் மூன்று இடங்களைச் சொல்கிறோம். உறுப்பினர்கள் எல்லோரும் மாதம் ஒருமுறை கூடும் பொது அமர்வு ஒன்று. நிதி, வேலைகள், சுகாதாரம் என்று அவர்கள் பிரிந்து இருக்கும் நிலையியற் குழுக்கள் இன்னொன்று. மூன்றாவது, திட்டமிடல் குழு. கட்டட விண்ணப்பமும் காணிப் பிரிவிடலும் முடிவாவது அங்கேதான்.

அதற்கொரு காரணம் உண்டு. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின்படி, அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனமான இடத்தில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் அபிவிருத்தி வேலை எதுவும் செய்யக்கூடாது. அனுமதி கொடுக்கும் அதிகாரம் உண்மையில் அந்த அதிகார சபையுடையது. தன் அதிகாரத்தில் ஒரு பங்கை அது உள்ளூர் மன்றத்தின் தலைவருக்கும் அதிகாரிகளுக்கும் கையளித்து வைத்திருக்கிறது. ஆகவே மாநகர சபை ஒரு கட்டடத்துக்குக் கையெழுத்துப் போடும்போது கொழும்பிலுள்ள அந்த அதிகார சபையின் கையாகத்தான் போடுகிறது. உறுப்பினர்கள் கையை உயர்த்தி வாக்களிக்கும் விசயமில்லை அது. பெரிய கட்டடங்களும் சில விசேட பாவனைகளும் என்றால் அதிகார சபையே நேரடியாகப் பார்க்கும்.

திட்டமிடல் குழுவில் மன்றத்தின் தலைமை, ஆணையாளர், நகர அபிவிருத்தி அதிகார சபையின் அதிகாரி, பொறியியல் பகுதியார், சுகாதாரத் தரப்பு ஆகியோர் இருப்பார்கள். மேசையில் ஒரு கட்டு பைல். தொழில்நுட்ப உத்தியோகத்தரும் பி.எச்.ஐ.யும் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) காணியைப் போய்ப் பார்த்து எழுதிய குறிப்பு ஒவ்வொன்றிலும் இருக்கும். நான் இருந்த குழுக்களில் சாதாரண வீட்டு பைலுக்குச் சில நிமிடங்கள்தான் செலவாகும். அனுமதி, நிபந்தனையோடு அனுமதி, திருத்தித் தரச் சொல்லித் திருப்புதல், நிராகரிப்பு என்று நாலில் ஒன்று எழுதப்படும். கலரி கிடையாது, பத்திரிகைக்காரர் கிடையாது. அதை ரகசியக் கூட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே யாரும் போய்க் கேட்பதில்லை, அவ்வளவுதான். ஆனால் கூட்டம் நடந்தால் குறிப்பு எழுதித்தான் ஆகவேண்டும். உங்களுக்கு வேண்டியது அந்தக் குறிப்பு. எனவே கூட்டத்தைத் துரத்தாமல் பைலைத் துரத்துங்கள்.

பைல் எங்கே தொடங்குகிறது? விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் அதற்கொரு இலக்கம் விழும், பதிவேட்டில் திகதியோடு ஏறும். அந்த இலக்கம் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. வேலைத்தளத்தில் ஏதாவது பலகை தொங்கினால் போனில் படம் எடுங்கள். அனுமதி இலக்கம் பெரும்பாலும் அதில் இருக்கும். பலகை இல்லாவிட்டால் காணியின் அடையாளத்தை வைத்துக் கேட்கலாம். வீதியின் பெயர், பக்கத்து வீட்டின் ஆதனவரி இலக்கம், தெரிந்தால் நில அளவைப் படத்தின் இலக்கமும் துண்டு இலக்கமும். உரிமையாளரின் பெயர் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. தெரியத்தான் வேண்டும் என்றால் காணிப் பதிவகத்தில் கட்டணம் செலுத்தி யாரும் தேடலாம்.

மாநகர சபைக் கவுண்டரில் முதலில் வாயால் கேட்டுப் பாருங்கள். நல்ல எழுதுவினைஞர் ஒருவர் அகப்பட்டால் அங்கேயே முடிந்துவிடும். “பிறகு வாங்க” என்றால் இரண்டாம் முறை போய் அலையாதீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கொடுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது, 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒவ்வொரு மன்றத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்கவேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர் கேட்க முடியாது, நீங்கள் சொல்லவும் தேவையில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலைநாட்களுக்குள் அவர் முடிவு சொல்லவேண்டும். பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ 14 நாட்களுக்குள் அதே மன்றத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம். அவருக்கு மூன்று வாரம் தவணை. அதுவும் சரிவரவில்லையென்றால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு எழுதலாம். இங்கே பலர் முதல் கடிதத்தோடு களைத்துப்போய்விடுகிறார்கள். இரண்டாம் கடிதம் போனால்தான் பைல் அலுமாரியை விட்டு இறங்கும் என்பதை உள்ளே இருந்து பார்த்தவன் சொல்கிறேன்.

ஆனால் எதைக் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. “இந்த மண்டபத்துக்கு ஏன் அனுமதி கொடுத்தீர்கள்?” என்று எழுதினால் அது கேள்வி, அதற்குக் கொடுக்க அவர்களிடம் காகிதம் இல்லை. இருக்கும் காகிதத்தைக் கேளுங்கள். கட்டடத்தின் முழு வரைபடத்தையும் கேட்காதீர்கள். அது தனியார் ஒருவருடையது, அவரிடம் கேட்கவேண்டும் என்று இழுத்தடிக்க வாய்ப்பாகிவிடும். நான் என்றால் இப்படி எழுதுவேன்:

“இன்ன வீதி, இன்ன ஒழுங்கையின் முடிவிலுள்ள காணி தொடர்பாக, கடந்த இரண்டு வருடங்களில் கிடைத்த அபிவிருத்தி அனுமதி, காணிப் பிரிவிடல், காணி நிரப்புதல் விண்ணப்பங்களின் இலக்கமும் திகதியும், அவை எடுத்துக்கொள்ளப்பட்ட திட்டமிடல் குழுக் கூட்டங்களின் திகதியும், அக்காணி சம்பந்தமான கூட்டக்குறிப்புப் பகுதியின் பிரதியும், அனுமதிக் கடிதம் வழங்கப்பட்டிருந்தால் நிபந்தனைகளோடு அதன் பிரதியும், வேறு திணைக்களங்களிடமிருந்து பெறப்பட்ட சம்மதக் கடிதங்களின் பிரதிகளும் தேவை. அவ்வாறான விண்ணப்பம் எதுவும் இல்லையெனில் அதை எழுத்தில் தெரிவிக்கவும்.”

கடைசி வசனத்தை விட்டுவிடாதீர்கள். ‘இல்லை’ என்று எழுத்தில் வந்தால், அனுமதிக் கடிதத்தை விட அது உங்களுக்குப் பெறுமதியான காகிதம். தமிழிலேயே எழுதுங்கள், தமிழிலேயே பதில் கேளுங்கள். வடக்கிலும் கிழக்கிலும் அது உங்கள் உரிமை.

சரி, இனி அந்தப் பள்ளக்காணிக்கு வருவோம். நீங்கள் மண்டபத்தைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள், நான் கிரவலைப் பற்றிக் கவலைப்படுகிறேன். மண்டபத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று எல்லோரும் கேட்கிறார்கள், நிரப்பியதற்கு இருக்கிறதா என்று ஒருவரும் கேட்பதில்லை. சட்டத்தில் அபிவிருத்தி வேலை என்றால் கட்டடம் கட்டுவது மட்டுமில்லை. காணியைத் துண்டாடுவது, காணியின் மேல் பொறியியல் வேலை செய்வது, பாவனையை மாற்றுவது எல்லாம் அதற்குள் வரும். வீட்டை ஹொஸ்டலாக மாற்றுவதற்கும் அனுமதி வேண்டும் என்பது எங்கள் ஆட்களில் பாதிப்பேருக்குத் தெரியாது.

அதற்கு மேல், அந்தக் காணி என்ன காணி என்பதைப் பொறுத்து வேறு கதவுகளும் இருக்கின்றன. கமநல சேவை நிலையத்தின் பதிவில் அது வயற்காணியாக இருந்தால், கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் நிரப்ப முடியாது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. பத்து வருடம் விதைக்காமல் கிடந்தாலும் பதிவில் வயல் வயல்தான். வாவி விளிம்புக்குக் கிட்ட என்றால் கரையோரம் பேணல் திணைக்களத்திடம் கேட்கவேண்டும். கரையோர வலயம் என்றதும் எல்லோரும் கடற்கரையிலிருந்து 300 மீற்றர் என்றுதான் நினைப்பார்கள். எங்கள் வாவி முகத்துவாரத்தாலும் கல்லாற்றாலும் கடலோடு தொடுக்கிற நீர்நிலை. இப்படிப்பட்ட நீர்நிலைகளும் வலயத்துக்குள் வரும். கரையோரம் பேணல் சட்டத்தின் 2011ஆம் ஆண்டுத் திருத்தம் அவற்றின் ஓரமாக உள்ளே 100 மீற்றரைச் சேர்த்தது. அளப்பது திணைக்களத்தின் வேலை, நீங்கள் நாடாவோடு போகவேண்டாம். அரச காணியாக இருந்தால் மண்முனை வடக்குப் பிரதேச செயலகத்தின் காணிக் கிளை. இந்த இடங்கள் ஒவ்வொன்றுக்கும் மேலே சொன்ன கடிதத்தையே பெயரை மாற்றிக் கொடுக்கலாம்.

சுற்றாடல் அறிக்கை செய்தார்களா என்று கேட்கச் சொல்லிச் சிலர் உங்களிடம் சொல்லக்கூடும். ஈரநிலம் நிரப்புவதில் அந்தக் கட்டாயம் பொதுவாக 4 ஹெக்டெயருக்கு மேல்தான், கிட்டத்தட்ட பத்து ஏக்கர். ஒரு ஒழுங்கை முடிவிலுள்ள வளவுக்கு அது பெரும்பாலும் பொருந்தாது. பொருந்தாத சட்டத்தைக் காட்டி எழுதினால், முழுக் கடிதத்தையும் தூக்கி வைக்க அதிகாரிக்கு நல்ல சாட்டாகிவிடும்.

என் சொந்தக் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேறொரு ஊரில் திட்டமிடல் குழுவில் இருந்து அடுத்தவர் மதிலை எல்லாம் நான் அளந்துகொண்டிருந்த காலம். அம்மாவின் வளவுக்குப் பின்னால் ஒருவர் காணியை உயர்த்தி, மதில் கட்டி, பழைய கானையும் மூடிவிட்டார். பைல் முறைப்படி போய், முறைப்படி கையெழுத்தாகி வந்திருக்கிறது. அந்த மன்றத்தில் எனக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், ஒருவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 2011 ஜனவரி வெள்ளத்தில் அம்மாவின் குசினிக்குள் முழங்கால் தண்ணீர் நின்றபோதுதான் எனக்கே தெரியவந்தது. பைலைப் பிறகு எடுத்துப் பார்த்தேன். ‘இயற்கை வடிகாலைத் தடைசெய்யக் கூடாது’ என்று நிபந்தனை அழகாக எழுதப்பட்டிருந்தது. அதை யாரும் போய்ப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து, அனுமதி உண்டா என்பதோடு நிற்காமல் என்ன நிபந்தனையோடு என்று கேட்கச் சொல்லி எல்லோருக்கும் சொல்கிறேன். எங்கள் ஊரில் வாவி நிரம்பினால் கடலுக்கு வழிவிட முகத்துவாரம் வெட்டும் மட்டும் தண்ணீர் எங்கேயாவது நின்றுதான் ஆகவேண்டும். இவ்வளவு காலமும் அது நின்ற பள்ளத்தைத்தான் இப்போது நிரப்புகிறார்கள்.

பதிலில் வரும் திகதியைக் கவனியுங்கள். முந்திய சபைகளின் காலம் 2023 மார்ச் 19ஆம் திகதியோடு முடிந்தது. 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடந்து, ஜூன் மாதம்தான் புதிய சபைகள் வந்தன. இடையிலுள்ள இரண்டு வருடத்துக்கு மேலான காலத்தில் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்கள் இல்லை, அதிகாரிகள்தான் நிர்வாகம் செய்தார்கள். உங்கள் பைல் அந்தக் காலத்தில் தொடங்கியிருந்தால், இப்போதைய உறுப்பினருக்கு ஒன்றும் தெரியாமல் இருப்பதில் ஆச்சரியமில்லை. பழைய அனுமதி ஒன்றைக் காட்டி இப்போது வேலை செய்கிறார்களா என்றும் பாருங்கள். அனுமதிப்பத்திரம் வழமையாக ஒரு வருடத்துக்குத்தான், பிறகு நீடிக்கவேண்டும்.

அப்படியென்றால் மாதாந்த அமர்வுக்குப் போவது வீணா? இல்லை, ஆனால் வேறு விசயங்களுக்காகப் போகவேண்டும். சபைக்குச் சொந்தமான காணியையோ கட்டடத்தையோ குத்தகைக்குக் கொடுப்பது, உபவிதிகள், எந்த ஒழுங்கைக்குக் கொங்கிறீட், எங்கே வடிகான், இவையெல்லாம் அங்கே வரும். டிசம்பரில் வரவுசெலவுத் திட்டம் வாசிக்கும் அமர்வை நான் தவறவிட மாட்டேன். ஆளில்லாத பக்கம் ஒன்றில் திடீரென்று பெரிய வீதிக்குக் காசு ஒதுக்கினால், அந்தப் பக்கம் யாரோ காணி வாங்கியிருக்கிறார்கள் என்று நாங்கள் காரியாலயத்தில் பகிடியாகப் பேசுவோம். பகிடி பல தடவை பலித்திருக்கிறது.

உறுப்பினரையும் விட்டுவிடாதீர்கள். “இது சபைக்கு வந்ததா?” என்று கேட்டால் அவர் சொல்லும் பதில் ‘இல்லை’. “கடந்த மூன்று மாதத்தில் எங்கள் வட்டாரத்தில் திட்டமிடல் குழு அனுமதித்த விண்ணப்பங்களின் பட்டியலைச் சபைக்குச் சமர்ப்பிக்கச் சொல்லி ஒரு பிரேரணை கொண்டுவாருங்கள்” என்று கேளுங்கள். அது அவரால் முடியும். ஒருமுறை நிறைவேறினால் கூட்டறிக்கையில் ஏறும், அடுத்த மாதம் அதைப் பிடித்துக்கொண்டு கேட்கலாம்.

இதெல்லாவற்றுக்கும் முந்திய ஒரு கட்டமும் இருக்கிறது. எங்கே வீடு, எங்கே கடை, எங்கே ஒன்றுமே கட்டக்கூடாது என்று வலயம் பிரிப்பது நகர அபிவிருத்தி அதிகார சபையின் அபிவிருத்தித் திட்டத்தில். அதன் வரைவு 60 நாட்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும், ஆட்சேபனை எழுதலாம். அப்படி வைத்த நாட்களில் நான் மேசையில் இருந்திருக்கிறேன். நில அளவையாளர்கள் வந்தார்கள், காணித் தரகர்கள் கவனமாக வந்து குறிப்பெடுத்துக்கொண்டு போனார்கள். ஒழுங்கைச் சனம் வரவில்லை. உங்கள் பகுதி எந்த வலயத்தில் விழுகிறது என்று அதிகார சபையின் மட்டக்களப்புக் காரியாலயத்தில் ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மண்டபத்துக்கு இடமில்லாத வலயம் என்றால் உங்கள் வேலை மிகவும் சுலபம்.

அம்பாறைப் பக்கத்திலிருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் மாநகர சபை, வழி இதேதான். பிரதேச சபை என்றால் ஆணையாளர் இருக்கும் இடத்தில் செயலாளர். அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனமாகாத பகுதியில் 1915ஆம் ஆண்டின் பழைய வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் வேலை செய்யும். பைல், இலக்கம், கடிதம் என்பதில் மாற்றமில்லை.

பதில் வந்த பிறகு என்ன? அனுமதி இல்லையென்றோ நிபந்தனையை மீறுகிறார்கள் என்றோ தெரிந்தால், நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் 28ஏ பிரிவின் கீழ் வேலையை நிறுத்தவும் காணியைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவும் அறிவித்தல் கொடுக்கலாம்; கேட்காவிட்டால் நீதவான் நீதிமன்றம் போகலாம். அந்த அறிவித்தலைக் கொடுக்கவேண்டியது அதிகாரிகள். நீங்கள் செய்யவேண்டியது, அந்தப் பிரிவைப் பெயர் சொல்லி, மாநகர ஆணையாளருக்கும் அதிகார சபையின் மாவட்டக் காரியாலயத்துக்கும் ஒரே நாளில் எழுதுவது. இருவருக்கும் போயிருக்கிறது என்று இருவருக்கும் தெரியட்டும். அனுமதி இருக்கிறது, ஆனால் அதுவே பிழையாகக் கொடுக்கப்பட்டது என்றால் அது எழுத்தாணை (ரிட்) மனு வரை போகும் விசயம். தாமதித்தால் நீதிமன்றம் அதையே காரணம் காட்டும். ஒழுங்கைக்காரர் ஐந்தாறு பேர் சேர்ந்து சட்டத்தரணி ஒருவரைப் பாருங்கள். கையில் காசில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு நிலையம் இருக்கிறது. முறையாகத்தான் கொடுத்திருக்கிறார்கள் என்று தெரியவந்தால், மண்டபத்தை மறித்து நேரத்தைக் கழிக்காமல் வடிகால், வாகனத் தரிப்பிடம், சத்தம் பற்றிய நிபந்தனைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டடம் முடிந்ததும் இணக்கச் சான்றிதழ் எடுக்காமல் அதைப் பாவிக்க முடியாது. நிபந்தனைப்படி கட்டினார்களா என்று பரிசோதிப்பது அந்த நேரத்தில்தான், அதற்கு முன் உங்கள் கடிதம் பைலுக்குள் இருக்கவேண்டும்.

இன்றே செய்யக்கூடியது ஒன்று. கிரவல் ஏறியிருக்கும் உயரத்தையும் உங்கள் மதிலையும் ஒன்றாகத் தெரியும்படி, திகதியோடு படம் எடுங்கள். அயலில் யாரிடமாவது போன மாரியில் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நின்ற படம் இருந்தால் வாங்கி வையுங்கள். கடிதத்தில் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் திகதி முத்திரை குத்திக்கொண்டு வாருங்கள். முத்திரை கையோடு இல்லை என்று சொன்னால் வீட்டுக்கு வராதீர்கள். நேரே தபால் கந்தோருக்குப் போய்ப் பதிவுத் தபாலில் போட்டு, துண்டைப் பத்திரப்படுத்துங்கள். 14 வேலைநாட்களைக் கடிதம் அவர்கள் கையில் கிடைத்த நாளிலிருந்து எண்ணுங்கள், போயா தினத்தைக் கழித்துவிட்டு.